ஆங்கிலத் தாளும் நம் முன்னோரும்

மாசி மாதம் பிறந்துவிட்டால் தலைநகர் வாழ் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தனி அமைதி குடிகொள்வதை யாவரும் அறிவர். தொலைக்காட்சிப் பெட்டி வாய்மூடிக் கிடக்கும். ஊரிலிருந்து வரவிருந்த பாட்டியின் பயணம் சித்திரைக்குத் தள்ளிவைக்கப்படும். பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடெனின், அண்டை வீட்டாரும் குரலைத் தாழ்த்தியே பேசுவர். பாடங்கள் பலவாயினும், பெற்றோர் நெஞ்சில் முள்ளாய் உறுத்துவது ஆங்கிலத் தாளே. கணக்கில் மதிப்பெண் குறைந்தால் கவனக்குறைவு என்று பொறுத்துக்கொள்ளும் தந்தை, ஆங்கிலத்தில் குறைந்தால் குடும்பத்துக்கே இழுக்கு நேர்ந்தாற்போல் முகம் வாடுகிறார்.

இதனினும் கவலைக்குரிய வழக்கம் ஒன்று நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்குத் தவறாது வந்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதும் நின்றுவிடுகிறது. காரணம் கேட்டால், "ஆங்கிலத்துக்கு டியூஷன் வைத்திருக்கிறோம், பரீட்சை முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்பது விடை. அந்தப் 'பிறகு' வந்ததை நான் அதிகம் கண்டதில்லை.

ஒரு மூன்று மணிநேரத் தாளுக்கு இத்துணை வல்லமை எங்ஙனம் வந்தது? ஆங்கில மொழியின் வளத்தால் வந்தது என்பர் சிலர். அம்மொழியின் வளத்தை நான் மறுப்பவனல்லன். எனினும், வளமுடைய மொழிகள் உலகில் பல. அவற்றுக்கெல்லாம் நம் வீட்டில் டியூஷன் வைப்பதில்லை. இத்தாளின் வல்லமைக்கு வேறொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முதல் ஏடுகளில் நம் தமிழர் பெயர்களே மிகுந்திருக்கின்றன.

ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் 1835ஆம் ஆண்டில் மெக்காலே எழுதிய குறிப்பிலிருந்து தொடங்குவது மரபு. நம் போன்ற உத்தியோகக் குடும்பங்களைப் பொறுத்தவரை, அதனினும் 1844ஆம் ஆண்டே தலைவிதியை எழுதிய ஆண்டாகும். அவ்வாண்டில்தான் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் பிரபு, அரசாங்க வேலைகளுக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும்போது ஆங்கிலக் கல்வி பெற்றவர்க்கு முதலிடம் தரவேண்டுமெனத் தீர்மானம் வெளியிட்டார். மெக்காலே ஆங்கிலத்தைக் கல்வியாக்கினார். ஹார்டிஞ்ச் அதனைச் சோறாக்கினார் என்று சொன்னால் மிகையாகாது.

சென்னை மாகாணம் இத்தீர்மானத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1839ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்ட ஒரு விண்ணப்பம் ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. ஆங்கிலக் கல்வி நிலையம் ஒன்று வேண்டுமென்பதே அதன் சாரம். அட்வகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் இம்முயற்சிக்குத் துணைநின்றார். ஆங்கிலம் நம்மீது திணிக்கப்பட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாமல் இந்த விண்ணப்பம் வழிமறிக்கிறது. 1841இல் உயர்பள்ளி திறக்கப்பட்டது. ஈ. பி. பவல் என்னும் கணித வல்லுநர் அதன் தலைமையாசிரியர். அப்பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. பிற்காலத்தில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய டி. மாதவராவ், பவலின் தொடக்ககால மாணாக்கருள் ஒருவர்.

அப்பள்ளியில் பயின்ற மற்றொருவர் டி. முத்துசாமி ஐயர். சிற்றூரில் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய் ஊதியத்தில் வாழ்வைத் தொடங்கியவர் அவர். தாசில்தார் ஒருவரின் ஆதரவால் சென்னைக்கு வந்து படித்தார். தெருவிளக்கின் ஒளியில் படித்தார் என்று நம் வீடுகளில் இன்றும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும்போது எடுத்துக்காட்டுவது இவரைத்தான். 1854ஆம் ஆண்டில் ஆங்கிலக் கட்டுரைப் போட்டி ஒன்றில் 500 ரூபாய் பரிசு பெற்றார். மாதம் ஒரு ரூபாய் பெற்றவருக்கு 500 ரூபாய் என்பது நாற்பதாண்டு ஊதியத்துக்கும் மேல்! அக்கட்டுரை அவரை மேலிடத்தார் கண்ணில் படச் செய்தது. பின்னர் அவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். ஓர் ஆங்கிலக் கட்டுரை ஒருவனது பிறவியையே மாற்றிவிடும் என்ற நம்பிக்கை நம்மவர் மனத்தில் எப்போது விதைக்கப்பட்டது என்று கேட்பார்க்கு இந்நிகழ்ச்சியைக் காட்டலாம்.

1857ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக் கழகங்கள் தோன்றின. மூன்றுமே இலண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. அதாவது, பாடம் சொல்லித் தருவது அவற்றின் வேலையன்று; தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே வேலை. இதனை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். நம் நாட்டில் பல்கலைக் கழகம் என்பது வகுப்பறையாகப் பிறக்கவில்லை, வினாத்தாளாகவே பிறந்தது. அதன் வாயிற்கதவு மெட்ரிகுலேஷன் தேர்வு. அவ்வாண்டில் கல்கத்தாவில் 244 பேர் அத்தேர்வை எழுதி 162 பேர் தேறினர். சென்னையில் எழுதியவர் 41 பேர். தேறியவர் 36 பேர்.

தேறியவர்தம் தொகை வளர வளர, தேறாதவர் தொகை அதனினும் விரைந்து வளர்ந்தது. மெட்ரிகுலேஷன் கல்லூரிக்குச் செல்வோரின் வாயில் என்றே அமைக்கப்பட்டது. ஆனால் கல்லூரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கப் போகாதவர்களும் அதனை எழுதினர். ஏனெனில், கச்சேரியில் எழுத்தர் வேலைக்கு ஆளெடுப்போர், 'மெட்ரிகுலேஷன் தேறியவனா?' என்று கேட்கத் தொடங்கிவிட்டனர். தேர்வில் தோற்றவரும் சும்மா இருக்கவில்லை. 'மெட்ரிகுலேஷன் பெயில்' என்பதையே ஒரு தகுதியாக விண்ணப்பத்தில் எழுதினர். அத்தேர்வு வரை சென்றவன் என்பதே ஒரு மதிப்பு. இன்று கேட்க நகைப்பாயிருக்கும். ஆயினும் அந்தச் சொற்றொடருக்குப் பின்னால் எத்தனை வீடுகளின் நகைகள் அடகுக்குப் போயினவோ!

அந்நாளைய ஆங்கிலத் தாள் எத்தகையது என்பதையும், அதற்கு எங்ஙனம் ஆயத்தம் செய்தனர் என்பதையும் சற்றே காண்போம். பாடமாக வைக்கப்பட்ட செய்யுளும் உரைநடையும் ஒருபுறம், இலக்கணம் மறுபுறம். செய்யுள் வரிகளைத் தந்து அவற்றை உரைநடையாக மாற்றி எழுதச் சொல்வர். ஒரு வாக்கியத்தைத் தந்து, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் இன்ன வகை, இன்ன வேற்றுமை என்று பிரித்துக் காட்டச் சொல்வர். நன்னூல் படித்த மாணவனுக்கு இப்பகுதி எளிதாயிருந்திருக்கும் என்பது என் எண்ணம். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பகுத்துப் பார்க்கும் பழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதன்று.

கட்டுரை எழுதுவதே கடினம். கண்ணாற் காணாத பனியையும், செவியாற் கேளாத இங்கிலாந்துப் பறவையின் குரலையும் பற்றிப் படித்துவிட்டு, ஆங்கிலேயன் எழுதுவதுபோல் எழுதவேண்டும். கும்பகோணத்துப் பையன் காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு பனிமலரை எண்ணிப் பார்ப்பதெங்ஙனம்? இயலாததைச் செய்யச் சொன்னால், மனிதன் குறுக்குவழியைத் தேடுவது இயல்பு. குறுக்குவழியின் பெயர் மனப்பாடம். பாடநூல் ஒன்று அறிவிக்கப்பட்டவுடன் அதற்கு 'நோட்ஸ்' அச்சாகிவிடும். அரும்பதவுரை, பொழிப்புரை, வரக்கூடிய வினாக்கள், அவற்றுக்கு விடைகள் யாவும் அதில் உண்டு. மூலநூலைத் திறவாமலே தேறலாம் என்னும் நிலை வந்தது. வேதத்தையும் நிகண்டையும் பிழையின்றி ஒப்பித்துப் பழகிய மரபு நம்முடையது. அந்த ஆற்றலை ஆங்கில நோட்ஸின் மீது திருப்பிவிட்டால் வேறென்ன விளையும்?

இலக்கணத்துக்கு வந்த நூல்களின் கதை தனிக் கட்டுரைக்குரியது. நெஸ்பீல்டு என்பார் வடமேற்கு மாகாணத்தில் கல்வித்துறை இயக்குநராயிருந்தவர். இந்திய மாணவர் எவ்வெவ்விடங்களில் தடுமாறுவர் என்பதறிந்து அவர் எழுதிய இலக்கண நூல்கள் இரண்டு தலைமுறைக்கு வழிகாட்டின. அவருக்குப் பின், 1930களில், ரென்னும் மார்ட்டினும் வந்தனர். இவ்விரட்டையரில் பி. சி. ரென் என்பார் அந்நிய நாட்டுப் படையில் சேர்ந்து பாலைவனத்தில் போரிடும் வீரர்களைப் பற்றி நாவல் எழுதிப் பெரும்புகழ் ஈட்டியவர். 'போ ஜெஸ்ட்' என்னும் அந்நாவல் 1924இல் வெளிவந்தது. நேர்கூற்றை அயற்கூற்றாக்கும் பயிற்சியில் நம் பிள்ளைகளை வாட்டியவரும், பாலைவனத்தில் வீரர்களை வாட்டியவரும் ஒருவரே என்பது பலர் அறியாத செய்தி. அவ்விலக்கண நூலின் செங்கல் போன்ற பழம்பிரதி ஒன்று நம்மில் பலருடைய வீடுகளில் பரண்மேல் இன்னும் கிடக்கக்கூடும்.

தேர்வு என்னும் வலை யார் யாரையெல்லாம் பிடித்தது, யார் யாரை விட்டது என்று பார்த்தால் வியப்பே மிஞ்சுகிறது. காந்தியடிகள் 1887ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதினார். ஆங்கிலத்தில் அவர் பெற்றது 200க்கு 89. எல்லாப் பாடங்களையும் சேர்த்து 625க்கு 247½. நூற்றுக்கு நாற்பதுக்கும் சற்றுக் குறைவு. பின்னர் இலண்டனில் அந்நகர்ப் பல்கலைக் கழகத்தின் மெட்ரிகுலேஷனையும் எழுதினார். முதன்முறை இலத்தீனில் தோற்று, 1890ஆம் ஆண்டின் நடுவில் மீண்டும் எழுதித் தேறினார். இந்த 89 மதிப்பெண் மனிதர்தாம் பின்னாளில் ஆங்கில ஏடுகளை நடத்தி, எளிய நேரிய ஆங்கில நடைக்கு எடுத்துக்காட்டாக விளங்கியவர்.

நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் மற்றோர் எடுத்துக்காட்டு. மைசூரில் அவருடைய தந்தையார் ஒரு பெரும் பள்ளியின் தலைமையாசிரியர். மகனோ பல்கலைக் கழகப் புகுமுகத் தேர்வில் தோற்று, ஓராண்டு வீட்டிலிருந்து விரும்பிய நூல்களைப் படித்துக்கொண்டிருந்தார். 1926இல்தான் தேறினார். அந்த ஓராண்டு வாசிப்பு அவருக்குச் செய்த நன்மையை எந்தக் கல்லூரியும் செய்திருக்காது என நான் கருதுகிறேன்.

இவ்விருவரும் பிழைத்துக்கொண்டனர். வலையில் சிக்கி ஏறத்தாழ மூச்சுத் திணறிய ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. அவர் கணிதமேதை இராமானுஜன்.

இராமானுஜனுக்கு ஆங்கிலம் வராது என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1897ஆம் ஆண்டில் தொடக்கநிலைத் தேர்வில் ஆங்கிலம், தமிழ், பூகோளம், கணக்கு ஆகியவற்றில் மாவட்டத்திலேயே முதன்மையான மதிப்பெண் பெற்ற சிறுவன் அவர். 1903ஆம் ஆண்டின் இறுதியில் மெட்ரிகுலேஷனும் தேறினார். 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அதன்பின் கணிதம் அவரை முழுவதுமாக விழுங்கிவிட்டது. ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தோற்றார். உதவித்தொகை பறிபோயிற்று. ஏழைக் குடும்பம், உதவித்தொகையின்றிப் படிப்பதற்கு வழியில்லை. வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார், எப்.ஏ. தேர்வில் மீண்டும் தோற்றார்.

அவரைத் தோற்கடித்த தேர்வாளர்கள் கொடியவரல்லர். கட்டுரையைத் திருத்தினர், போதாதென்று கண்டனர், மதிப்பெண் இட்டனர். விதியும் அவர்கள் பக்கமே இருந்தது. எல்லாப் பாடங்களிலும் தேறினால்தான் தேர்ச்சி என்பது விதி. அவ்விதியை வகுத்தவர்களுக்கு, ஒரு பாடத்தில் உலகம் காணாத ஆற்றல் படைத்தவன் ஒருவன் வந்து நிற்பான் என்ற எண்ணம் எழவில்லை. அலுவலக விதிகளோடு அன்றாடம் புழங்குகிறவன் என்ற முறையில் இதனை நான் நன்கு உணர்வேன். விதிகள் எப்போதும் சராசரி மனிதனை மனத்திற் கொண்டே எழுதப்படுகின்றன.

1912இல் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாளிட்டுக் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது. தாம் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் எழுத்தர் என்றும், பல்கலைக் கழகக் கல்வி பெறாதவர் என்றும், பள்ளிப் படிப்போடு நின்றவர் என்றும் அதில் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். ஆங்கிலக் கட்டுரையில் தோற்றவர் என்று முத்திரை குத்தப்பட்டவர் எழுதிய கடிதம் அது! அதனைப் படித்த ஹார்டி அவரைக் கடல்கடந்து வரவழைத்தார். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் அளித்தது, 1918இல் அரச கழகம் உறுப்பினராக்கியது. 1904இல் கிடைத்துப் பின் பறிபோன உதவித்தொகைக்கும் 1918க்கும் இடையே கழிந்தவை பதினான்கு ஆண்டுகள். அவர் வாழ்ந்ததோ முப்பத்திரண்டு ஆண்டுகளே.

தேர்வின் குறைகளை ஆட்சியாளர் அறியாமலில்லை. 1882இல் ஹண்டர் குழு, உயர்நிலைப் பள்ளியில் இருவழிகள் வேண்டுமென்றது. ஒன்று கல்லூரிக்கு, மற்றொன்று தொழிலுக்கு. இரண்டாம் வழியில் நடப்பார் அரியராயினர். வேலை தருவோர் முதல் வழியையே கேட்டனர். கர்சன் பிரபு காலத்தில், 1902இல் அமைந்த பல்கலைக் கழகக் குழு நோட்ஸ் நூல்களின் ஆதிக்கத்தைக் கண்டு வெகுண்டு, நுழைவுத் தேர்வின் ஆங்கிலத்துக்குப் பாடநூலே விதிக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பாடநூல் இல்லையேல் நோட்ஸ் ஏது என்பது அவர்கள் கணக்கு. நம்மவர் அதற்கும் வழிகண்டனர். மாதிரிக் கட்டுரைகள் நூறு அடங்கிய நூல்கள் அச்சேறின. பசுவைப் பற்றியும் இரயில் பயணத்தைப் பற்றியும் முன்கூட்டியே எழுதிவைத்த கட்டுரைகளை நெட்டுருச் செய்து, எத்தலைப்பு வரினும் பசுவை அங்கே ஓட்டிச் சென்று கட்டிவிடும் கலை அக்காலத்தில்தான் வளர்ந்திருக்க வேண்டும்.

சென்னை மாகாணம் 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. முறையைக் கொண்டுவந்தது. ஒருநாள் தேர்வை மட்டும் நம்பாது, பள்ளியில் ஆண்டு முழுவதும் பெற்ற மதிப்பெண்களையும் ஒரு புத்தகத்தில் பதிவது அதன் நோக்கம். நோக்கம் நன்று. ஆயினும் வேலை தருவோர் கண்கள் பொதுத்தேர்வுப் பக்கத்தையே தேடின. 1919இல் சாட்லர் குழுவும் தாய்மொழி வழிக் கல்விக்கு இடம்தர வேண்டும் என்றது.

இவ்வளவுக்கும் இடையில், அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நம் முன்னோர் வடக்கே இரயில் ஏறினர். 1911ஆம் ஆண்டு டிசம்பரில் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டது. செயலகம் கோடையில் சிம்லாவுக்கும் குளிரில் தில்லிக்குமாக அலைந்தது. அதனோடு தமிழ் எழுத்தர்களும் அலைந்தனர். எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலம், தட்டச்சில் ஹையர், சுருக்கெழுத்தில் ஹையர்: இம்மூன்றுமே அவர்கள் கொண்டுவந்த மூலதனம். பம்பாயில் மாதுங்காவிலும், கல்கத்தாவில் காளிகாட் பக்கத்திலும், இங்கே கரோல்பாக்கிலும் குடியேறிய குடும்பங்களுக்கு நிலமில்லை, கடையில்லை. ஆங்கிலத் தாள் ஒன்றே காணி. ஆகவே, அவர்கள் வேரூன்றிய இடங்களில் கோயில் கட்டியதோடு பள்ளியும் கட்டினர். பம்பாயில் 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் எழுந்தது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் ஏழாக வளர்ந்து, தமிழையும் கற்பித்து வருகின்றன. 1963இல் தொடங்கிய மத்தியப் பள்ளிகள், ஊர் ஊராக மாற்றலாகும் நம் போன்றோர் பிள்ளைகளுக்குப் பேருதவியாயின. நிலத்தைப் பிள்ளைக்கு எழுதிவைக்க இயலாதவன் ஆங்கில மதிப்பெண்ணையாவது எழுதிவைக்க விரும்புகிறான். பெற்றோரின் பதற்றத்தைப் பழிப்பவர்கள் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பழைய ஆங்கிலத் தாளில் எனக்கு மனமார்ந்த மதிப்புள்ள பகுதி ஒன்றுண்டு. அதுதான் 'பிரேசி' என்னும் சுருக்கி வரைதல். முந்நூறு சொற்கள் உள்ள பகுதியைத் தந்து நூறு சொற்களில் சுருக்கச் சொல்வர். மூலத்தின் வாக்கியங்களைக் கத்தரித்து ஒட்டுவது கூடாது. தன் கருத்தைச் சேர்ப்பதும் கூடாது. எடுத்துக்காட்டுகளை விட்டுவிட்டு, எவை கருத்து, எவை அலங்காரம் என்று பிரித்தறிந்து, தன் சொல்லில், வந்த முறையிலேயே எழுத வேண்டும். இதற்கு நோட்ஸ் கிடையாது; நெட்டுருவும் உதவாது. படித்தால்தான் எழுத முடியும். பக்கம் பக்கமாய் வளர்ந்த கோப்பு ஒன்றை மேலதிகாரி இரண்டு நிமிடத்தில் அறியும்படி அரைப்பக்கக் குறிப்பாக்குவதே எங்கள் அன்றாடத் தொழில். நான் பணியில் சேர்ந்த புதிதில் பிரிவு அலுவலராயிருந்த பெரியவர் ஒருவர், எழுதிய குறிப்பைக் கொண்டுபோய் நீட்டினால் படிக்காமலே, "முதலில் கோப்பை மூடி வை, பிறகு என்ன நடந்தது என்று உன் வாயால் சொல்லு" என்பார். சொல்லத் தெரிந்தால்தான் எழுதியதைப் படிப்பார். பிரேசியின் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது. குடிமைப் பணித் தேர்வின் கட்டாய ஆங்கிலத் தாளில் அது இன்றளவும் நிலைத்திருப்பது பொருத்தமே. தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுவே: காலையில் செய்தித்தாளின் ஒரு பத்தியைப் படித்து, மூடிவைத்துவிட்டு, மூன்று வரியில் எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒருநாள் எழுதினால் தமிழில் மறுநாள் எழுதுங்கள். சுருக்கும் அறிவுக்கு மொழி வேறுபாடில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னும் சீர்திருத்தங்கள் ஓயவில்லை. 1989இல் மத்தியக் கல்வி வாரியம் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கல்லூரி ஒன்றின் துணையோடு ஆங்கிலப் பாடத்தைப் புதுப்பிக்க முனைந்து, 1993இல் ஒன்பதாம் வகுப்பில் புதுப்பாடத்தைக் கொண்டுவந்தது. மொழியைப் பேசவும் பயன்படுத்தவும் கற்பித்தலே அதன் குறிக்கோள். சில மாதங்களில் நயி சடக் கடைகளில் அதற்கும் கைடு வந்துவிட்டது. 2009இல் தொடர் மதிப்பீட்டு முறை வந்தது; பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விருப்பத்துக்கு விடப்பட்டது; 2018இல் மீண்டும் எல்லார்க்கும் கட்டாயமாயிற்று. அண்மை ஆண்டுகளின் தாளில் எழுத்துத் தேர்வுக்கு 80, பள்ளி மதிப்பீட்டுக்கு 20 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. முன்பின் காணாத பகுதிகளைப் படித்துப் பொருளுணரும் வினாக்களும் வலுப்பெற்றன. தேர்வு தொடங்குமுன் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே 15 நிமிடம் தருகின்றனர். அந்தப் பதினைந்து நிமிடத்தைப் படிப்பதற்குப் பயன்படுத்தும் பிள்ளைகள் குறைவு என்று ஆசிரியர்கள் வருந்துகின்றனர். மனப்பாடம் செய்தது மறந்துபோகுமுன் எழுதிவிட வேண்டுமே என்ற துடிப்பு!

இனி, தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு வருவோம். ஆங்கிலத் தாளுக்குத் தமிழ் இடையூறு என்னும் எண்ணத்தை, அத்தாளின் வரலாற்றில் முதல் இடத்தில் நிற்பவரே ஒப்பமாட்டார்.

சென்னைப் பல்கலைக் கழகம் தோன்றியவுடன் நடைபெற்ற முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர் இருவர். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர். ஒருவர் கரோல் விசுவநாத பிள்ளை. மற்றவர், அவரிடமே பயின்ற மாணாக்கரான சி. வை. தாமோதரம் பிள்ளை. ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கே தேறிய விந்தை அது. தாமோதரம் பிள்ளை 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்தார். இளமையில் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் கற்றார். அதன்பின் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனாரின் கல்லூரியில் ஆங்கிலம் கற்றார். தமிழுக்கு ஒரு காலம், ஆங்கிலத்துக்கு ஒரு காலம் என்று அவர் வாழ்வைக் கூறுபோடவில்லை. 'தினவர்த்தமானி' என்னும் தமிழ் இதழை நடத்திக்கொண்டே தேர்வுக்குப் படித்தார்.

பட்டம் பெற்றபின் அவர் போயமர்ந்த இடம் நமக்கெல்லாம் பழக்கமானது: சென்னையில் அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குச் சாலை. பகலில் கணக்கேடு, ஓய்வில் ஓலைச்சுவடி. செல்லரித்த சுவடிகளை ஊர்தோறும் தேடி, ஒப்புநோக்கி, தம் கைப்பொருள் செலவிட்டு அச்சேற்றினார். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வெளிவந்தது. 1871இல் பி.எல். தேர்விலும் தேறி வழக்கறிஞரானார். பின்னர், 1881இல் வீரசோழியமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும் வந்தன. 1887இல் கலித்தொகை வந்தது. சங்கத் தொகை நூல்களுள் ஒன்று அச்சில் முழுமையாக நம் கைக்கு எட்டியது அவரால்.